கருவனேந்தலுக்குக் கடல் வந்த தேர்தல்

உடையணன் சிங்கப்பூர் மேடையில் உளறியதற்கு மறுநாள் காலை கருவனேந்தலுக்குக் கடல் வந்தது. எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, எந்தப் பெரிய கடலோடு போய்ச் சேர்கிறது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கடல் என்றால் எங்காவது போய்ச் சேரும். ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கு அப்பால், சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த புறம்போக்கில் வந்து நின்றது. ஒருத்தர் பட்டாவிலும் ஒரு சொட்டு ஏறவில்லை. ஒழுங்கான கடல்.

உடையணன் என் அக்கா மகன். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நின்றிருந்தான். எங்கள் பக்கத்தில் அந்தப் பதவிக்குப் பிரசிடெண்ட் என்றுதான் பெயர். அவன் அப்பன் நின்று தோற்றவர். அவனும் போன தடவை நின்று தோற்றவன். அதனால் அந்த வீட்டுக்கே 'தோத்த பிரசிடெண்ட் வீடு' என்று பெயர் ஆகிவிட்டது. தபால்காரர் அப்படிக் கேட்டுத்தான் வருவார், காஸ் சிலிண்டர்காரன் அப்படிக் கேட்டுத்தான் வருவான், அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் பஸ் ஸ்டாண்டில் அப்படி விசாரித்துத்தான் வந்தார்கள். அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்பதுதான் உடையணனுக்கு. வேறு ஆசை எதுவும் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

எதிர்த்து நின்றது மாவு மில் இருளாயி. கெட்டிக்காரி. வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறேன் என்று சொல்லியிருந்தாள், சொன்னால் போடக்கூடியவள்.

பிரசிடெண்ட் தேர்தலுக்கு வெளிநாடு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் ஓட்டு எங்கள் ஊரில் இல்லை. ஆம்பளைகளில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிடக்கிறார்கள். அங்கிருந்து ஒருத்தன் போன் போட்டு, "ஆத்தா, பூட்டுச்சாவிக்குப் போட்டுரு" என்றால் அந்த வீட்டு ஓட்டு மொத்தமும் பூட்டுச்சாவிக்குத்தான். அதனால் நிற்கிறவர்கள் மனுத்தாக்கல் முடிந்ததும் விமானம் ஏறி அங்கே இருக்கிற ஊர்ச் சங்கத்தைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இருளாயிக்கு அந்தச் சிரமம் இல்லை. அவள் மகன் காளைராசன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அம்மாவுக்காக அவனே பேசிக்கொள்வான். உடையணன்தான் போக வேண்டியிருந்தது. போனான்.

போன இடத்தில் இறங்கியதிலிருந்தே ஆரம்பித்துவிட்டான். சங்கத் தலைவர் என்று நினைத்து மைக் செட்காரருக்கு மாலை போட்டான். தலைவருடைய மனைவியைத் தலைவருடைய அம்மா என்று கும்பிட்டு ஆசீர்வாதம் வாங்கினான். பேச்சின் உச்சத்தில், தன் சின்னம் பூட்டுச்சாவி என்பது மறந்துபோய், "மறக்காம சீப்புக்கே போடச் சொல்லுங்க" என்று இருளாயிக்கு ஓட்டுக் கேட்டான். கூட்டம் கைதட்டியது. அவன் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் காளைராசன் எழுந்தான்.

மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு எரிகிற இடத்தில் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். பானையில் அரிசி தீர்ந்திருந்தாலும் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். எண்ணெய் தீர்ந்திருந்தாலும் அதேதான். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்ட நாக்கு. காளைராசனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

"மாமா, நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கா?"

"இருக்கு" என்றான் உடையணன். ஒரு கட்டிலும் ஒரு நர்ஸும் உண்டு, பொய் என்று சொல்ல முடியாது.

"பஸ்ஸு இருக்கா?"

"இருக்கு." காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"கடல் இருக்கா மாமா?"

உடையணன் விளக்கைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். வேர்த்தது. "இருக்கு" என்றான். "நல்லாவே இருக்கு. வந்து பாருங்க."

அந்த வீடியோ அவன் மேடையிலிருந்து இறங்குவதற்குள் ஊருக்கு வந்துவிட்டது. குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற ஊர், அதற்குக் கடல் இருக்கிறது என்று ஒருத்தன் வெளிநாட்டில் போய்ச் சொல்கிறான் என்றால் சும்மா விடுவார்களா. வாட்ஸ்அப்பில் அவன் தலையை வெட்டிக் கப்பல் மேல் ஒட்டினார்கள், சுறாமீன் மேல் ஒட்டினார்கள், தண்ணீர் லாரி மேல் ஒட்டினார்கள். பக்கத்து ஊர் புளியங்குண்டுக்காரர்கள் டீக்கடையில் வந்து, "மத்தி மீன் என்ன விலைங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, நீ வாயை மூடிக்கிட்டு இருந்தாலே ஜெயிச்சிருவ. அது முடியுமா உன்னால?"

"விளக்கு எரிஞ்சிச்சு மாமா" என்றான்.

வைத்துவிட்டேன்.

காலையில் ஆடு ஓட்டிப் போனவர்கள் வெறுங்கையோடு ஓடி வந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். அலை அடித்துக்கொண்டிருந்தது. ஆடுகள் ஒரு வரிசையாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் கும்பிடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. டீக்கடை சேவுகன் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புத்தான்" என்றான். அதோடு சந்தேகம் தீர்ந்தது. அவனவன் வேலையைப் பார்க்கப் போனான்.

ஆனால் ஒன்று. கடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. கண்மாயைத் தெரியும். பரம்பரையாகக் கண்மாய்க்காரர்கள். அதனால் கடலையும் கண்மாய் மாதிரியே நடத்தினோம். தண்ணீர் நிறைந்தால் மடைக் கருப்பனுக்குக் கிடா வெட்டுவது முறை என்பதால் கிடா வெட்டினோம். கரை உடைந்துவிடக்கூடாது என்று மணல் மூட்டை அடுக்கினோம். மடை திறந்து மூடுகிற மாயாண்டியைக் கடலுக்கும் காவலாகப் போட்டோம். அவன் மண்வெட்டியும் கையுமாகக் கரையில் உட்கார்ந்து, மடை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். தண்ணீர் வற்றினால் மீன்பிடித் திருவிழா வைக்கலாம் என்று வீட்டுக்கு வீடு, மீன் அமுக்குகிற ஊத்தாக் கூடையை எடுத்துத் தூசி தட்டி ஓட்டை அடைத்து வைத்துக்கொண்டு, பங்குனிக்குள் வற்றிவிடும், பிந்தினால் சித்திரை, எந்தத் தண்ணீர்தான் சித்திரையைத் தாண்டியிருக்கிறது என்று பேசிக்கொண்டு காத்திருந்தோம்.

அன்று மத்தியானம் தண்ணீர் இறங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் தூரமாகப் போய்விட்டது. ஊர் கொதித்தது. "புளியங்குண்டுக்காரன் மடையைத் திறந்துவிட்டுட்டான்!" என்று மாயாண்டி கத்தினான். வருஷா வருஷம் கண்மாயில் அவர்கள் செய்கிற வேலை அது. கம்பையும் கழியையும் எடுத்துக்கொண்டு போனோம். புளியங்குண்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "கடலை நாங்க எங்கடா வச்சிருக்கோம், வீடு வீடா வந்து தேடிப் பாருங்க" என்றார்கள். தேடினோம். அண்டாவைக்கூடத் திறந்து பார்த்தோம். திரும்பி வந்தால் தண்ணீர் பழைய இடத்தில் நிற்கிறது. பயந்துகொண்டு திருப்பி விட்டுவிட்டார்கள் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். மறுநாளும் இறங்கியது. மறுநாளும் போனோம். பிறகு கடலோரத் தொண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் வந்து, கடல் அப்படித்தான் போகும், வரும் என்று சொன்ன பிறகுதான் புளியங்குண்டுக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மெல்ல மெல்லப் பழகிப்போயிற்று. உப்பு வாங்குவது நின்றது. சேவுகன் டீ முதலில் கரித்தது, பிறகு கரிக்காத டீ குடித்தால் என்னவோ போல் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர், "கருவனேந்தல் பீச்செல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தான். கிராம நிர்வாக அலுவலர் வந்து வரைபடத்தை விரித்து, கடலையும் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பொம்பளைகள்தான் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் புருஷன் இருக்கிறவர்கள், மகன் இருக்கிறவர்கள், அப்பன் இருக்கிற பிள்ளைகள், எல்லாரும் காலை வேலை முடிந்ததும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மேற்கே நடந்து போய், சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள், பேசாமல் நின்றார்கள், நின்றுவிட்டு வந்தார்கள். நான் பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

"என்னத்தா அங்க நிக்கிறீங்க எல்லாரும்?"

"இந்தத் தண்ணிதானே மாமா அங்கயும் தொடுது" என்றாள்.



இதற்குள் உடையணன் மலேசியா போய்விட்டான். அங்கே எடுத்த எடுப்பில், "சிங்கப்பூர் வாழ் மக்களே" என்று ஆரம்பித்தான். போகட்டும். கேலி தாங்காமல் கொஞ்சம் சமாளிப்போம் என்று நினைத்து, "கடல்னு சொன்னேனே, அது ஒண்ணும் ரொம்பப் பெரிசில்லைங்க" என்று ஒரு வார்த்தை விட்டான். மறுநாள் காலை போனால் கடலுக்கு அக்கரை தெரிகிறது. அக்கரையில் யாரோ துணி துவைக்கிறார்கள்.

ஊர் மொத்தமும் அவனுக்குப் போன் போட்டது. அதுவரை அவனை உளறுவாயன் என்று சிரித்தவர்கள் எல்லாம் இப்போது வேறு பாட்டுப் பாடினார்கள். "எதுக்குடா பெரிசில்லைன்னு சொன்ன? யாரக் கேட்டுச் சொன்ன? ஒளறுனா ஒழுங்கா ஒளற வேண்டியதுதானே!" அவன் அன்று சாயங்காலமே இன்னொரு கூட்டம் போட்டு, பெரிசுதான், ரொம்பப் பெரிசு, கண்ணுக்கெட்டாத பெரிசு என்று சொன்னான். விடிந்ததும் அக்கரையைக் காணோம்.

அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. வெளிநாட்டில் நின்று அவன் சொன்னால் இருக்கும். இல்லை என்று சொன்னால் போய்விடும்.

இருளாயிக்கும் புரிந்தது. அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் வீட்டுக்கு ஒரு குழாய் போடுறேன்னு வாக்குக் கொடுத்தேன். உங்க மாப்ள தேர்தல் நேரத்துல ஊருக்கே ஒரு கடலைக் கொண்டாந்து கொடுத்துட்டாரு. நான் இனி என்னத்தக் கொடுக்க? மலையா?"

"கேட்டது உன் மகன்தானே?"

"அவன் வரட்டும், அவன் வாயில சூடு வைக்கிறேன். அது வேற. இது வேற."

நியாயம்தான். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். வாக்காளர்களுக்குப் பரிசுப்பொருள் கொடுத்தது, நடத்தை விதி மீறல் என்று.

தேர்தல் அதிகாரி வந்தார். மெலிந்த மனுஷன், கண்ணாடி போட்டவர், நல்லவர். பறக்கும் படை ஜீப்பும் கூடவே வந்தது. பறிமுதல் செய்யலாமா என்று பார்த்தார்கள். முடியாது என்று தெரிந்ததும் நாலு பேரும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் விளையாடினார்கள். அதிகாரி பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஊரே கூடியிருந்தது. பினாங்கில் இருந்த உடையணனை என் போனில் வீடியோவில் கூப்பிட்டோம். நான்தான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது.

அதிகாரி சொன்னார். "பாருங்க உடையணன். ஒருத்தருக்கொருத்தர் சமமா நிக்கணும். அதுதான் விதி. ஒண்ணு, கடலை வாபஸ் வாங்குங்க. இங்க வச்சு, 'கடல் இல்லை, வாய் தவறிச் சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்தை. இல்லேன்னா மனுவை வாபஸ் வாங்குங்க."

எங்களுக்குக் கணக்குத் தெரியும். சிங்கப்பூர் போன், மலேசியா போன் எல்லாம் வந்தாகிவிட்டது. கடல் போனாலும் சொன்ன சொல் மாறாது, ஓட்டு எல்லாம் பூட்டுச்சாவிக்குத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கடல் போகும், அவன் பிரசிடெண்ட் ஆவான். அவன் வீட்டுப் பெயர் மாறும். சொல்லாவிட்டால் போட்டியே இல்லாமல் தோற்றவன் என்று இன்னும் ஒரு படி கீழே போவான். சொல்வதற்குத் தடையும் இல்லை. பட்டப்பகல், ஒரு விளக்கும் எரியவில்லை.

அவன் முகம் போனில் சின்னதாகத் தெரிந்தது. பஞ்சவர்ணத்தைத் தேடினான்.

"பஞ்சு, நீ என்ன சொல்ற?"

பிரசிடெண்ட் பெண்டாட்டி ஆக வேண்டும் என்று அவனைவிட அவளுக்குத்தான் ஆசை. எல்லாருக்கும் தெரியும். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "என்னையக் கேக்காதீங்க" என்றாள். "நான் காலையிலயே போய்க் கால் நனைச்சுட்டு வந்துட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவன் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

"மாமா, எப்படி இருக்கு கடல்?"

"இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கா?"

"சத்தம் போடுது."

"ராவிலயுமா?"

"ராவிலயும்தான்."

"எனக்கு இன்னும் பாக்கக் கொடுத்து வைக்கலை மாமா." சிரித்தான். "சரி. இருக்கட்டும். மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிருங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காற்றில் உப்பு, அதனால் இருக்கும். இருளாயி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டாள். யாரும் வெடி போடவில்லை. அவளே போடவிடவில்லை.

"இது ஒரு ஜெயிப்பா அண்ணே?" என்றாள் என்னிடம். "அடிச்சுத் தோத்திருந்தாலும் வலி ஆறியிருக்கும். விட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டாரே மனுஷன்." அன்றைக்கே பஞ்சாயத்துக் கூட்டம் போட்டு, கடலைப் பற்றி யாரும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ போய் இல்லை, குறைவு, சின்னது என்ற வார்த்தைகளைப் பேசக்கூடாது என்று தீர்மானம் போட்டாள். குழாயும் போட ஆரம்பித்தாள். சொன்னேனே, போடக்கூடியவள்.

உடையணன் விமானத்தில் வரவில்லை. "ஊர்லதான் கடல் இருக்கே மாமா, எதுக்கு பிளேனு?" என்று காளைராசன் சொல்லியிருக்கிறான். அவனே தெரிந்த ஒருவருடைய மரக்கலத்தைப் பேசி, லீவு கிடைத்த பயல்களையெல்லாம் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஏற்றிக்கொண்டு, உடையணனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். விமான டிக்கெட்டுக்கு வழியில்லாமல் பல வருஷம் ஊர்ப்பக்கம் வராதவர்கள் அதில் நிறையப் பேர்.

அவர்கள் வருகிற காலையில் கருவனேந்தல் முழுக்கக் கரையில் நின்றது. தவில்காரர் வந்திருந்தார். பொம்பளைகள் விடிவதற்கு முன்னாலேயே பணியாரம் சுட்டுக் கூடை கூடையாகக் கொண்டுவந்திருந்தார்கள். புளியங்குண்டுக்காரர்களும் வந்து ஓரமாக நின்றார்கள், பழைய கோபம் ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது, புள்ளி பாய்மரமாயிற்று, பாய்மரத்துக்குக் கீழே தலைகள் தெரிந்தன, தலைகளுக்கு மேலே கைகள் தெரிந்தன, கைகளை எண்ணி எண்ணி, "அந்தா எங்க அண்ணன்", "அது எங்க அப்பா", "அது இல்ல, பக்கத்துல சட்டை இல்லாம நிக்கிறது" என்று கரை முழுக்கச் சத்தம். பிறகு மரக்கலம் எங்களைக் கடந்து போக ஆரம்பித்தது.

நேராகப் போனது. எங்களைப் பார்த்தபடியே போனது.

இருளாயி மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவே உடையணன் படகோட்டியிடம் பேசுவது கேட்டது. கையை நெற்றியில் வைத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு அவன் நிற்பதும் தெரிந்தது. அவன் ஊரைத் தெற்கே இருந்து பார்த்திருக்கிறான், கிழக்கே பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறான். தண்ணீரிலிருந்து ஊரை யார் பார்த்தது?

"இது எங்க ஊர் இல்லைங்க" என்றான் படகோட்டியிடம், தெளிவாக. "எங்க ஊர்ல இம்புட்டுக் கூட்டம் ஏது? நீங்க நேரா விடுங்க."

தவில் நின்றது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"இன்னும் கால் தரையில படலையே" என்றாள் பஞ்சவர்ணம். "அப்ப அவரு இன்னும் வெளிநாட்டுலதானே இருக்காரு?"

சொல்லி வாய் மூடவில்லை, காலுக்குக் கீழே மண் கொஞ்சம் நெகிழ்ந்தது. திரும்பிப் பார்த்தால் பள்ளிக்கூட வேப்பமரம் லேசாக, நீர் ஊற்றின பால் மாதிரி, அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. டீக்கடை வெளுத்தது. சேவுகன் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

இருளாயி தண்ணீரில் இறங்கி, "தம்பீ! உடையணன் தம்பீ!" என்று கத்தினாள். எல்லாரும் இறங்கினார்கள், எல்லாரும் கத்தினார்கள், கத்தக் கத்த அது அவனுக்கு முன்பின் தெரியாத ஒரு பெருங்கூட்டத்தின் வரவேற்பாகத்தான் பட்டிருக்க வேண்டும், எங்களைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டான்.

எனக்குப் பொறுமை போயிற்று. இடுப்புவரை தண்ணீரில் போனேன். வேட்டி நனைந்தது. நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டித் திட்டினேன். அவனைத் திட்டினேன், அவன் அப்பனைத் திட்டினேன், அவனைப் பெற்றதற்காக என் அக்காவைத் திட்டினேன், சொந்த ஊரைத் தெரியாத முட்டாப்பயலே, சின்ன வயசில் கண்மாயில் தூக்கிப் போட்டிருக்க வேண்டியவனே என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாதது எல்லாம் திட்டினேன். கடல் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போய் அவன் காதில் சேர்த்தது.

அவன் திரும்பினான். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று படகோட்டியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "எங்க மாமா திட்டுறாரு! இதான். இதான் எங்க ஊரு!"

மண் இறுகியது. வேப்பமரம் பச்சையாயிற்று.

மரக்கலம் வளைந்து வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே பயல்கள் குதித்தார்கள். யார் அழுதார்கள், யார் யாரைத் தூக்கிச் சுற்றினார்கள் என்று சொல்ல எனக்கு நேரமில்லை. காளைராசன் காதைப் பிடித்துக்கொண்டு இருளாயி கரைவரை இழுத்து வந்தாள், சூடு வைப்பதாகச் சொன்னதை மறந்துவிட்டு அங்கேயே கட்டிக்கொண்டாள். கடைசியாக உடையணன் இறங்கினான். வாந்தி எடுத்து வாந்தி எடுத்துப் பாதியாக இருந்தான். கரையில் கால் வைத்ததும் எங்களைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று கடலைப் பார்த்தான். அலை வந்து அவன் காலைத் தொட்டுவிட்டுப் போனது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

நல்ல வேளை, சத்தம் வரவில்லை. வந்துவிடும் போல்தான் இருந்தது. எங்கள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, இரண்டு கையையும் மேடையில் தூக்குகிற மாதிரி தூக்கினான். "என் அருமை..." என்று ஆரம்பித்தான்.

பஞ்சாயத்துத் தலைவர் இருளாயி கூடையிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்றாள். அடுத்ததைக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.